கல்லின் முதுகு அறிந்த எங்கள் அண்ணன்

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்திருந்து, பந்தியில் அமர்ந்து எழுந்து, கை கழுவிய ஈரத்தோடு இந்தச் சிறு புத்தகத்தை வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். யுத்தம் காரணமாகக் காகிதம் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பக்கங்கள் குறைவு. படமும் ஒன்றே ஒன்றுதான். அதில் அண்ணன் படக்கடையின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருட்டறைக்குள் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், படம் பிடிப்பவர் அலுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுவந்து எடுத்த படம் அது. அவர் ஏன் உள்ளே போகவில்லை என்பதும் இந்தக் கட்டுரையில் வரும்.

நம் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவனே ஆகையால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத உட்கார்ந்தபோது ஒன்றை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. கரமனையில் ஒரு வீட்டில் அண்ணன் வைரக் கல்லை மாற்றிவிட்டார் என்ற பேச்சை உங்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பீர்கள். சிலர் நம்பியிருப்பீர்கள். அவர் தம்பியான நானும் பாதி நம்பினேன். அது பொய் என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது நாகர்கோவில் வடசேரியில். அப்பா கோயில் நகைகளுக்குச் சிவப்புக் கல் பதிப்பவர். அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. அக்கா பாவாடை கட்டிய சிறுமி, நான் அம்மாவின் இடுப்பில். அடுத்த சில வருஷங்களில் அம்மாவும் போய்விடவே, ஊரில் இருந்தால் மூன்று வயிற்றுக்கு வழியில்லை என்று எங்கள் இருவரையும் மாட்டுவண்டியில் ஏற்றி அண்ணன் திருவனந்தபுரம் வந்தார். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. பாதி அறையில் அடுப்பு, பாதி அறையில் அவருடைய பட்டறை. சிவப்புக் கல்லை விட்டு வைரத்துக்கு அவர் கை பழகியது இங்கேதான்.

அக்காவைத் தோவாளைப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார். அக்கா அந்த வீட்டுக்குள் கால் வைத்த வாரத்தில் அவர்களுடைய உழவு மாடு ஒன்று செத்துவிட்டது. வந்த கால் சரியில்லை என்று சொல்லி, கொடுத்தனுப்பிய பெட்டியோடு அக்காவைத் திரும்ப அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் போய் அழைத்து வந்தார். வண்டியில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, வழி முழுவதும் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார் என்று அக்கா சொல்லுவார்கள். அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் அவர் பேசியதில்லை. இன்று நீங்கள் சாப்பிட்டது அக்காவின் கைச்சமையல்.

என்னைப் பட்டறையில் உட்கார அண்ணன் விட்டதே கிடையாது. ஒருநாள் ஆசையாக, கல்லை ஒட்டி எடுக்கும் அரக்குக் கம்பை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டார்.

"இந்தக் குழிக்குள்ள நான் கிடக்கது போராதா? நீ வெளிய போலே மக்கா. புஸ்தகத்தை எடு."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் பரீட்சைச் சான்றிதழ்களைக் கல்லைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார்.

அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பிறகு வருவது விளங்கும். வைரம் வைப்பதில் வழக்கமாக இரண்டு வகை. ஒன்று மூடு கட்டடம். தங்கத்தில் சின்னக் கிண்ணம்போலச் செய்து, அதற்குள் அரக்கும் மெருகேற்றிய வெள்ளித் தகடும் வைத்து, அதன்மேல் கல்லை இருத்தி, சுற்றிலும் தங்கத்தைத் தேய்த்து விளிம்பை மடக்கிவிடுவார்கள். கல்லின் முகம் மட்டுமே வெளியே தெரியும். மற்றது கொக்கிக் கட்டடம். நாலு கொக்கிகள் கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும். பின்புறம் திறந்தே இருக்கும், எந்தப் பக்கமிருந்தும் வெளிச்சம் கல்லுக்குள் நுழையும். பொடிக் கற்களை நெருக்கி வைத்துத் தங்க மணிகளால் பிடிக்க வைக்கிற வேலையும் உண்டு, அது பெரும்பாலும் பதக்கங்களுக்கு. அண்ணன் சொல்லுவார்: "மூடு கட்டடத்துல முகம் ஊருக்கு, முதுகு ஆசாரிக்கு." கல்லுக்கு முதுகில் என்ன இருக்கிறது என்பது பதித்தவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதும் தொழிலில் சேர்ந்தது.

இன்னொரு வழக்கம், வைர வேலை என்றால் ஆசாரி நகையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. நகைக்காரர் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுப்பார்கள். வேலை முடிகிற வரையில் கதவை வெளியே பூட்டி, சாவியை வீட்டு அம்மாள் இடுப்பில் செருகிக்கொள்வார்கள். சாப்பாடு ஜன்னல் வழியாக வரும். காலைக்கடனுக்கு ஆள் கூடவே போகும். வேலை முடிந்து வெளியே வரும்போது குடுமியை அவிழ்த்து உதறி, நகக்கண்ணைக் குடைந்து காட்டி, தரை கழுவிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அண்ணன் இதைத் தப்பாக எண்ணியதில்லை. "அவங்க பொருளு, அவங்க பூட்டு" என்பார்.

கரமனை வீட்டுக்கு அப்படித்தான் போனார். நான் அப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். மருமகளுடைய ஒற்றைக்கல் தோடு ஜோடியை மூடு கட்டடத்திலிருந்து கழற்றிக் கொக்கிக் கட்டடத்தில் வைக்க வேண்டும் என்று அந்த வீட்டு மாமியார் அம்மாள் ஆள் அனுப்பியிருந்தார்கள். நாலு நாள் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர் ஏழாம் நாளும் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் அந்த வீட்டுக் காரியஸ்தர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஆசாரியோட தம்பி நீதானே? தமிழ் எழுத்து நன்னா வருமோ? பேனாவும் மையும் எடுத்துண்டு வா."

நான் பயந்துகொண்டே போனேன். அண்ணன் இருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். எட்டு நாள் தாடி. குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஒரு கல் மூலையில் உடைந்திருக்கிறது என்றும், ஜோடிக் கல்லோடு தராசில் வைத்தால் எடை குறைகிறது என்றும், உடைந்த துண்டைக் காணவில்லை என்றும், ஆகவே உடைந்ததாகச் சொல்வது பொய், கல்லையே மாற்றியிருக்கிறான் என்றும் காரியஸ்தர் என்னிடம் சொன்னார். பூதக்கண்ணாடியோடு வந்திருந்த கல் வியாபாரி ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வாய்க்குள் விரல்விட்டுப் பார்த்தாயிற்று, தரையைக் கழுவி வடிகட்டியாயிற்று, அரக்கை உருக்கிப் பார்த்தாயிற்று, துண்டு இல்லை.

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அண்ணே, துண்டு எங்கே போச்சு? சொல்லிருங்க. சொன்னா விட்டுருவாங்க."

"தெறிச்சுப் போச்சு."

"தெறிச்சா அறைக்குள்ளதானே அண்ணே கிடக்கணும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவங்க சொல்லுகதை எழுதுலே. நீ படிச்சவனாக்கும். தப்பில்லாம எழுது."

எழுதினேன். என் வேலையில் ஏற்பட்ட குற்றத்தால் கல் குறைந்துவிட்டது, அதற்கு நானே பொறுப்பு, இனிமேல் இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கல் வேலைக்குக் காலடி வைக்கமாட்டேன். இதுதான் வாசகம். எழுதி முடித்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள். தெருவிலிருந்தவர்களும் கேட்கும்படி வாசித்தேன். அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மை தொட்டுப் பெருவிரல் ரேகை வைத்தார். அப்புறம்தான் பூட்டைத் திறந்தார்கள்.

ஆற்றுப் பாலம் வரையில் இருவரும் நடந்தோம். பாலத்தில் நான் நின்றேன். "அண்ணே, நெசமாவே நீங்க எடுக்கலையே?"

அண்ணனும் நின்றார். ஆற்றைப் பார்த்தார். பிறகு, "பரிச்சை என்னைக்கு?" என்று கேட்டார்.

அதோடு சரி. நான் மறுபடி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் கேட்டேன், அது அவர் காதில் விழுந்தது. அது எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றது.

ஒரு தெருவுக்குப் போகக்கூடாது என்றுதான் காகிதத்தில் இருந்தது. நடந்தது என்னவோ எல்லாத் தெருவும் அடைபட்டதுதான். கரமனையில் மூடிய கதவு வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் திறக்குமா? வைரம் அவர் கைக்கு வருவது நின்றுவிட்டது. வடசேரிக்கே திரும்பிவிடலாமென்றால் பேச்சு அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. என் படிப்பு வேறு இங்கே. அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து நாடகக் கம்பெனி ராஜாக்களின் கிரீடத்துக்குக் கண்ணாடிக் கல் பதித்தார். வைரம் பதித்த அதே பொறுமையோடு பதித்தார். மதினியார் அந்த அறைக்குத்தான் மணமாகி வந்தார்கள். "ராஜா தலையாட்டுனா கல்லு விழக்கூடாதுல்லா?" என்று மதினியிடம் சிரிப்பார்.

நான் பரீட்சை தேறிய நாளில் கடைத்தெருவில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஓ, கரமனைக் கல்லு பாஸாயிட்டுதே!" என்றார். சர்க்கார் கச்சேரியில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தபோதும் அதே பேச்சு. அண்ணன் எடுத்த கல்லில்தான் நான் படித்தேன் என்பது அதன் பொருள். இரவு பகலாக நானும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டை போட்டுக்கொண்டு கச்சேரிக்கு நடக்கும்போதெல்லாம் அந்தச் சட்டை என்னை இறுக்கும்.

அந்த எட்டு நாட்களுக்குப் பின் அண்ணன் எந்தக் கதவையும் சாத்தவிடமாட்டார். மழைச்சாரல் பட்டறை வரை அடித்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். "உள்ள வந்து நனைக்கது மழைதானே, போலீஸ் இல்லையே" என்று மதினி கேலி செய்வார்கள். அவர் சிரிக்கமாட்டார். படக்கடைக்குள் போகாததும் அதனால்தான். வெகுகாலம் ஊதுகுழலும் கரிப்புகையும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன. கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒவ்வொரு மூச்சையும் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டிலை வாசல் பக்கம் நகர்த்தச் சொல்லுவார். சட்டப்படி கூடாது என்று நர்ஸம்மாள் சொன்னபோது, அங்கே கம்பவுண்டராக இருந்த பெரியவர் யாரையும் கேட்காமல் கட்டிலைத் தள்ளிப் போட்டார். அண்ணன் கதவைப் பார்த்தபடியே கண்ணை மூடினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் போய்விட்ட பிற்பகலில், வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. முப்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் இறங்கினார். பின்னால் பருத்த உடம்புடன் அவருடைய கணவர். அம்மாள் திறந்திருந்த கதவருகே நின்று என்னைப் பார்த்தார்.

"என்னைத் தெரியாது உங்களுக்கு. நான் கரமனையிலேந்து வரேன். நீங்க அந்தக் காயிதம் எழுதிண்டிருந்தப்போ நான் கதவுக்குப் பின்னாலே நின்னுண்டிருந்தேன். அந்தத் தோடு என்னோடது."

அக்கா பாய் விரித்தார்கள். அந்த அம்மாள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். இனி எழுதுவது அவர் சொன்னதுதான், என் வார்த்தையில்.

அவருடைய தகப்பனார் கல்யாண வீடுகளில் சமையல் செய்பவர். பெண்ணுக்குத் தாய் இல்லை. தாய் விட்டுப்போன இரண்டு வைரங்கள் மட்டும் இருந்தன. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் கறுப்பாகக் கிளைவிட்ட கீறல். காக்கைக்கால் என்று அதைச் சொல்லுவார்கள். அந்தக் கல்லைப் போட்டுக்கொள்ளும் பெண்ணின் கணவனுக்கு ஆகாது என்று எல்லா வீட்டிலும் நம்பிக்கை. தெரிந்தால் கல்லோடு பெண்ணையும் வேண்டாமென்பார்கள். தகப்பனார் அண்ணனிடம் வந்து அழுதிருக்கிறார். அண்ணன் அந்தக் கீறல் தங்க விளிம்புக்கு அடியில் மறையும்படி கல்லைத் திருப்பி வைத்து, மூடு கட்டடத்தில் பதித்துக் கொடுத்தார். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்தார். அது நடந்தது அக்கா பெட்டியோடு திரும்பி வந்த அடுத்த வருஷம்.

அண்ணன் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். தொழில்முறைப்படி அது தப்புதான். கல்லின் குறையைக் கட்டடத்தால் மறைக்கக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொன்னவர் அவரே. அந்தத் தப்பை நான் மூடி எழுதவில்லை.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், சென்னைப் பட்டணத்திலிருந்து உறவுப் பெண் ஒருத்தி கொக்கிக் கட்டடத் தோடு போட்டுக்கொண்டு வந்தாள். மாமியார் அம்மாளுக்கு அது கண்ணிலேயே நின்றுவிட்டது. அண்ணனுக்கு ஆள் போயிற்று. தோட்டைக் கையில் வாங்கியதுமே அண்ணனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"மூடுனது மூடுனதாவே இருக்கட்டும் அம்மா. பழைய கல்லு. கழட்டுனா கோவிச்சுக்கும்."

"கல்லு கோச்சுக்குமா! நன்னாயிருக்கே கதை. அவ காதுல அப்பிடியே பத்திண்டு எரியறது. நம்மாத்துது என்னடான்னா எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி இருக்கு. உள்ளே போய் உட்காரு ஆசாரி."

பூட்டு விழுந்தது. முதல் நாள் இரு கற்களையும் கழற்றி, மாமியார் அம்மாள் முன்னிலையில் தராசில் ஜோடி பார்த்தார்கள். இரு தட்டும் சமமாக நின்றன. மூடு கட்டடத்திலிருந்து வந்த கல்லில் அரக்கும் அழுக்கும் அப்பியிருக்கும். கழுவாத கல்லில் எல்லாமே கறுப்புதான், காக்கைக்கால் தனியாகத் தெரியாது. கழுவினால் தெரிந்துவிடும். நாலாம் நாளான வெள்ளிக்கிழமை கல் வியாபாரி பூதக்கண்ணாடியோடு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

இரண்டாம் நாள் அந்த அம்மாளின் கணவருக்கு விஷஜுரம் கண்டது. மூன்றாம் நாள் நினைவு தப்பிற்று. மாமியார் அம்மாள் ஜன்னலருகே வந்து, "கல்லைக் கழட்டின நாழி சரியில்லை போலிருக்கே ஆசாரி, கல்லுல ஏதாவது உண்டா?" என்று கேட்டார்களாம். "கல்லுல ஒண்ணுமில்லை அம்மா" என்று அண்ணன் சொன்னாராம்.

கொக்கி வைத்தால் பின்புறம் திறந்துவிடும். ஒரு கொக்கியைக் கீறலுக்கு நேரே வைத்து முகத்தில் மறைத்தாலும் முதுகில் தெரியும். மறுபடி மூடிவைக்க அந்த வீட்டார் சம்மதிக்கமாட்டார்கள். வேலையைப் பாதியில் விட்டு எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். அறைக்கு வெளியே பூட்டு. உள்ளே இந்தக் கல்.

அன்று மத்தியானம் அந்த அம்மாள் ஜன்னல் வழியாக மோர் ஊற்ற வந்தார். அவருக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. கல்லின் விஷயம் தகப்பனார் சொல்லித் தெரியும்.

"ஆசாரியாரே, நாளைக்கு அவா பாத்துடுவா. இவர் இப்பிடிக் கிடக்கறார். என்னை வெச்சிருக்கமாட்டா. ஆத்துல விழறதைத் தவிர எனக்கு வேற போக்கில்லை."

அண்ணன் மோரைக் குடித்து முடித்தாராம். பிறகு, வீட்டுச் சின்ன அம்மாளைக் கூப்பிடும் முறையில், "கொச்சம்மா, ஆத்துல விழாண்டாம். எனக்கு உங்கள மாதிரி ஒரு தங்கச்சி வீட்டுல இருக்கா. ஒரு நாழிகை கழிச்சு ஆசாரி குடிக்கத் தண்ணி கேட்டான்னு சொல்லிட்டு வாங்க" என்றாராம்.

அவர் திரும்பி வந்தபோது ஜன்னல் விளிம்பில் ஓர் அரக்குப் பொட்டு. அதில் கடுகளவு கல்துண்டு ஒட்டியிருந்தது. கீறல் இருந்த மூலையை எஃகு முனையால் அழுத்தி அண்ணன் தெறிக்க வைத்திருந்தார். காக்கைக்கால் முழுவதும் அந்தத் துண்டோடு வந்துவிட்டது. மீதிக் கல் மூளியாயிருந்தாலும் மாசில்லாமல் இருந்தது. இருபது வருஷத்தில் ஒரு கல்லையும் உடைக்காத கை.

"இதை ஆருக்கும் காட்டாதீங்க. எனக்காக வேண்டியும் காட்டாதீங்க."

அந்தக் கடைசிச் சொல்லின் பொருள் அந்த அம்மாளுக்கு வெள்ளிக்கிழமைதான் விளங்கியது. ஆசாரி கல்லை மாற்றியிருக்கிறான் என்று வியாபாரி சொன்னபோது, துண்டைக் காட்டினால் எடை சரியாகிவிடும், அண்ணன் குற்றமற்றவர் என்று ஆகிவிடும். ஆனால் துண்டில்தான் காக்கைக்கால் இருக்கிறது. அண்ணனை விடுவிக்கக்கூடிய ஒரே பொருள் அந்த அம்மாளை வெளியே தள்ளிவிடும். அண்ணன் அதை உடைக்கும் முன்பே அறிந்திருந்தார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று, நான் வாசித்த ஒவ்வொரு வரியையும் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை.

"திறந்திருக்கணும். எனக்குத் தைரியம் வரல்லை" என்றார்.

கணவர் பிழைத்துவிட்டார். தோடு பிறகு செய்யப்படவே இல்லை. இரண்டு கற்களும் மாமியார் அம்மாளின் பெட்டியில் பொட்டலமாகக் கிடந்தன. சென்ற வருஷம்தான் அவர் காலமாகி, பெட்டி இந்த அம்மாள் கைக்கு வந்தது. உடனே அண்ணனுக்கு ஆள் அனுப்பி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாராம். "மூடுனது மூடுனதாவே இருக்கட்டும்" என்று பதில் வந்ததாம். அப்போது அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்களிடம் அவர் இதையும் சொல்லவில்லை.

"அவர் சொன்னதைக் கேட்டு ரெண்டு தரம் சும்மா இருந்துட்டேன். மூணாம் தரம் சொல்ல அவர் இல்லை" என்று சொல்லி அந்த அம்மாள் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். கூடவே ஒரு குங்குமச் சிமிழ். குங்குமத்துக்குள் விரலை விட்டு எதையோ தேடி எடுத்து முந்தானையில் துடைத்தார். அதே துண்டு.

"குங்குமத்துலயா வெச்சிருந்தீங்க?" என்று அக்கா கேட்டார்கள்.

"அங்கே யாரும் தேடமாட்டாளே."

அவருடைய கணவர் அதுவரை வாசலில் நின்றவர், முதல் தடவையாகப் பேசினார். "தெனம் இட்டுக்கற குங்குமத்துல கிடந்திருக்கு. என்னைப் பாருங்கோ, இந்த உடம்புக்கு ஜட்காக்காரன் ரெட்டை வாடகை கேட்கறான்." சிரிக்கத்தான் சொன்னார். பாதியில் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அண்ணனுடைய தராசுப் பெட்டியை எடுத்தேன். அதை அதுவரை நான் தொட்டதில்லை, அவர் தொடவிட்டதில்லை. ஒரு தட்டில் முழுக் கல்லை வைத்தேன். மறு தட்டில் மூளிக் கல்லை வைத்தேன். முழுக் கல்லின் தட்டு தாழ்ந்தது. பிறகு அந்தத் துண்டை மூளிக் கல்லோடு வைத்தேன். தட்டுகள் ஆடிக்கொண்டே இருந்தன. நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். முள் அசைந்து அசைந்து நடுவில் வந்தது.

"நின்னுட்டுது" என்றார் அக்கா.

போகும்போது அந்த அம்மாள் என்னிடம் மடித்த காகிதம் ஒன்றையும் கொடுத்தார். பெட்டியில் கற்களோடு இருந்ததாம். என் கையெழுத்து. தப்பில்லாமல்தான் எழுதியிருந்தேன். கீழே அண்ணனின் பெருவிரல். "உங்க அண்ணாவைப் பத்தி ஏதாவது அச்சடிச்சா, இதை எல்லாத்தையும் எழுதுங்கோ. எங்க பேர் மட்டும் வேண்டாம்" என்றார். அவர் கணவரும் தலையசைத்தார். அந்த அனுமதியால்தான் எழுதுகிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். கட்டிலை வாசல் பக்கம் தள்ளிப்போட்ட கம்பவுண்டர் ஐயாவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பேச்சு எழுந்த காலத்திலும் வேலை கொடுப்பதை நிறுத்தாத நாடகக் கம்பெனி முதலாளிக்கும், இருந்த காகிதத்தில் எங்களுக்குப் பங்கு ஒதுக்கிய அச்சுக்கூடத்தாருக்கும், கடைசி நாட்களில் முறை வைத்து உடன் இருந்த சாலைத் தெரு அண்டை வீட்டாருக்கும், ஒருமுறைகூட அவரை "எடுத்தீங்களா?" என்று கேட்காத மதினியாருக்கும் அக்காவுக்கும் என் நன்றி. அவர்கள் கேட்கவில்லை. கேட்டவன் படித்தவனாகிய நான் மட்டுமே. அதற்காக உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் உறவில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடாமல், வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவர்களைக் கூட்டிவைத்து வாசித்துக் காட்ட வேண்டும். அன்று கரமனையில் நான் எழுதியதைத் தெருவெல்லாம் கேட்கும்படி வாசித்தேன். அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டார். இதைக் கேட்க அவர் இல்லை. ஆகவே நீங்களும் தெருவுக்குக் கேட்கும்படி உரக்க வாசியுங்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.